கல்யாண உடன்படிக்கை சட்டத்தில் நிற்குமா? – ஒரு வரலாற்றுப் பார்வை

கல்யாணத்திற்கு முன்பே மாப்பிள்ளையும் பெண்ணும் சொத்து, வருமானம், ஒருவேளை பிரிய நேர்ந்தால் யாருக்கு எது என்பதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது பற்றி இப்போது நம் குடும்பங்களிலும் பேச்சு வருகிறது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகள் இதை 'ப்ரீநப்' என்கிறார்கள். பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். "தாலி ஏறுவதற்கு முன்னாலேயே பிரிவுக்குப் பத்திரமா? நம் சனங்களிடம் இல்லாத வழக்கம்" என்பது பெரியவர்கள் கட்சி. "கையெழுத்துப் போட்டால் கோர்ட்டில் செல்லும், அப்புறம் என்ன பயம்?" என்பது பிள்ளைகள் கட்சி.

நான் வக்கீல் அல்லன், பாத்திர வியாபாரி. கடை அடைத்த பிறகு கல்வெட்டுத் தொகுதிகளும் பழைய தீர்ப்புகளும் படிப்பது என் பழக்கம். அப்படிப் படித்ததில் இரண்டு கட்சியுமே பாதிதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. கல்யாணத்தை ஒட்டி எழுதிவைப்பது நமக்குப் புதிதல்ல. எழுதியதெல்லாம் செல்லும் என்பதும் உண்மையல்ல. எது நிற்கும், எது விழும் என்பதற்கு நீதிமன்றங்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஏறக்குறைய ஒரே கோட்டைத்தான் கிழித்து வந்திருக்கின்றன. பெண்ணின் பொருளைக் காப்பாற்ற எழுதியது நின்றிருக்கிறது. ஆள் எங்கே வாழவேண்டும், எப்போது பிரியலாம், ஜீவனாம்சம் வேண்டாம் என்றெல்லாம் எழுதியது விழுந்திருக்கிறது. இந்தக் கோடு எப்படி வந்தது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விரிஞ்சிபுரத்துக் கல்வெட்டு

வேலூருக்கு அருகே உள்ள விரிஞ்சிபுரம் கோயிலில் சக ஆண்டு 1347, அதாவது கி.பி. 1425-26ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. விஜயநகரத்து இரண்டாம் தேவராயர் காலத்தது. ஹுல்ட்சு என்ற ஜெர்மானிய அறிஞர் இதைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் 1890இல் பதிப்பித்தார்.

படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள் கூடிக் கோபிநாதர் சந்நிதியில் செய்துகொண்ட உடன்படிக்கை அது. இனிமேல் கல்யாணத்தைக் கன்னிகாதானமாகவே செய்வது. பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுப்பவரும், பொன் கொடுத்துப் பெண் எடுப்பவரும் அரச தண்டனைக்கு உரியவர், சாதிக்கும் புறம்பு என்பது அதன் சாரம். இதில் கட்டுப்பட்டவர்கள் யார் தெரியுமா? கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாளர் என்று நான்கு வகுப்பார் பெயரும் கல்லில் இருக்கிறது. பல மொழிக்காரர் கலந்து வாழ்ந்த இடத்தில் ஆளுக்கொரு வழக்கம் இருந்து, பொன் பேரம் முற்றியிருக்க வேண்டும். அதனால்தான் எல்லாரும் சேர்ந்து எழுதிக்கொண்டார்கள் என்று ஊகிக்கலாம். கன்னட தேசத்தில் வாழும் தமிழர்களான நாம் கவனிக்க வேண்டிய செய்தி இது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இது மாப்பிள்ளை, பெண் என்ற இருவருக்குள் எழுதியது அல்ல, சமூகம் முழுதும் எழுதியது. ஆனாலும் கல்யாணத்துப் பணவிஷயம் எழுத்தில் ஏறுவதும், மீறினால் தண்டனை உண்டு என்பதும் அறுநூறு வருடத்துப் பழக்கம் என்பதற்கு இந்தக் கல்லே சாட்சி.

சீதனம் யாருடையது?

அடுத்து, பெண்ணின் பொருள். யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு மிதாட்சரம் என்ற உரை எழுதிய விஞ்ஞானேசுவரர் கல்யாணிச் சாளுக்கியர் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தவர். இன்றைய கர்நாடகத்தின் வடபகுதியில் பிறந்த நூல் அது. பின்னாளில் தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களின் சொத்து வழக்குகளையெல்லாம் அந்த உரைதான் தீர்த்தது. தாய் தந்தை, உடன்பிறந்தார், கணவன் ஆகியோர் கொடுத்தது, அக்கினி சாட்சியாகக் கிடைத்தது என்று மூலநூல் சொல்லிக்கொண்டே வந்து 'முதலியன' என்று முடிக்கும். விஞ்ஞானேசுவரர் அந்த 'முதலியன' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, வாரிசாக வந்தது, விலைக்கு வாங்கியது, பாகத்தில் கிடைத்தது எல்லாமே ஸ்திரீதனம்தான் என்று விரித்தார். பிற்காலத்தில் லண்டன் பிரிவி கவுன்சில் அந்த விரிவை ஏற்காமல், வாரிசாக வந்த சொத்தில் பெண்ணுக்கு வரம்புள்ள உரிமையே என்று சுருக்கியது வேறு கதை.

நம் பேச்சு வழக்கில் மஞ்சள்காணி என்ற சொல் இருக்கிறது. மகளுக்கு மஞ்சள் செலவுக்கென்று ஒதுக்கும் நிலம். பெயரே அது யாருடையது என்று சொல்லிவிடுகிறது.

சிலப்பதிகாரத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். அதைப் பாடிய இளங்கோவடிகள் சமணத் துறவி என்பது மரபு. எங்கள் சமூகத்தார்க்கு அதில் ஒரு பெருமை. கோவலன் மாதவியிடம் பொருளையெல்லாம் தொலைத்துவிட்டுத் திரும்பியபோது மிச்சம் இருந்தது கண்ணகியின் காற்சிலம்பு. மனைவியின் பொருளை விற்கத்தான் அவன் மதுரைக் கடைவீதிக்குப் போனான். அது யாருடைய சிலம்பு என்ற ஒரு கேள்வியில் அவன் உயிர் போயிற்று. உள்ளே இருந்தது மாணிக்கப் பரலா முத்துப் பரலா என்று உடைத்துக் காட்டித்தான் கண்ணகி உரிமையை நிரூபிக்க வேண்டியிருந்தது. பெண்ணின் பொருளுக்கு அத்தாட்சி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் இலக்கியத்தில் இதைவிடப் பெரிய உதாரணம் இல்லை.

மூன்று தீர்ப்புகள்

வெள்ளைக்காரர் ஆட்சியில் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் வந்தது. அதன் 23ஆம் பிரிவு, பொதுநலக் கொள்கைக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்கிறது. கல்யாண உடன்படிக்கை வழக்குகள் பெரும்பாலும் இந்தப் பிரிவில் வந்துதான் முட்டிக்கொள்ளும். பத்து வருட இடைவெளியில் வந்த மூன்று தீர்ப்புகளைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

முதலாவது, 1901இல் கல்கத்தா உயர்நீதிமன்றம். கல்யாணத்திற்கு முன்பு, மாமியார் வீட்டோடு இருப்பேன், மனைவியை அங்கிருந்து அழைத்துப் போகமாட்டேன் என்று மாப்பிள்ளை தரப்பில் உடன்படிக்கை. பிற்பாடு அவர் மனைவியைத் தன் வீட்டுக்கு அழைத்தார். பெண் வீட்டார் பத்திரத்தைக் காட்டினார்கள். இந்து தர்மத்திற்கும் பொதுநலக் கொள்கைக்கும் ஒவ்வாது என்று நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

இரண்டாவது, 1911ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் உள்ள சென்னை உயர்நீதிமன்ற வழக்கு. இது கல்யாணத்திற்குப் பிறகு எழுதியது. மனைவி வருங்காலத்தில் விரும்பினால் தனியே வாழலாம் என்று கணவன் ஒப்புக்கொண்டிருந்தான். பிறகு அவனே, சேர்ந்து வாழ வரவேண்டும் என்று வழக்குப் போட்டான். பழைய ஒப்பந்தத்தைக் காட்டி அந்த வழக்கைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பாயிற்று.

மூன்றாவது, இவ்விரண்டுக்கும் இடையே 1910இல் பிரிவி கவுன்சில் தீர்த்தது. வடநாட்டு நவாபுக் குடும்பம் ஒன்றின் விவகாரம். 1877இல் மாப்பிள்ளையும் பெண்ணும் சிறுபிராயத்தினர். மாப்பிள்ளையின் தகப்பனார் பெண்ணின் தகப்பனாருக்கு எழுதிக்கொடுத்தார்: மருமகளுக்கு வெற்றிலைச் செலவு என்ற பெயரில் மாதம் 500 ரூபாய், என்றென்றைக்கும், இன்ன சொத்தின் வருமானத்திலிருந்து. பல வருடம் கழித்து மனஸ்தாபம் வந்து அந்த அம்மாள் புகுந்த வீட்டை விட்டு வந்துவிட்டார். பாக்கிக்கு வழக்குப் போட்டார். "ஒப்பந்தத்தில் இவள் கையெழுத்தே இல்லையே, இவள் எப்படிக் கேட்கலாம்?" என்பது மாமனார் வாதம். ஆங்கிலேயச் சட்டப்படி அந்த வாதம் பலமானது. ஆனால், சிறுவர் சிறுமியருக்குப் பெற்றோர்கள் பேசி முடிக்கும் இந்த நாட்டில் அந்த விதியை அப்படியே பொருத்தினால் பெரிய அநியாயம் நடக்கும் என்று பிரிவி கவுன்சில் சொல்லி, பணத்தைக் கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. புகுந்த வீட்டிலேயே இருந்தால்தான் பணம் என்ற நிபந்தனை பத்திரத்தில் இல்லை என்பதையும் கவனித்தது. தீர்ப்பை எழுதியவர் சையத் அமீர் அலி.

மூன்றும் கல்யாணத்தை ஒட்டிய எழுத்துதான். ஆள் விஷயமாக எழுதிய இரண்டும் விழுந்தன. பொருள் விஷயமாக எழுதியது நின்றது. ஆள் விஷயம் விழுந்ததால் பெண்ணுக்கு எப்போதும் நன்மை என்றும் சொல்லிவிட முடியாது. சென்னை வழக்கில் நஷ்டப்பட்டது மனைவிதான். அந்தக் காலத்து நீதிபதிகள் கல்யாணத்தை ஒப்பந்தமாகப் பார்க்கவில்லை, சம்ஸ்காரமாகப் பார்த்தார்கள் என்பதே காரணம். நம் முஸ்லிம் அன்பர்கள் நிக்காஹ்வை ஒப்பந்தமாகவே கருதி, மஹர் தொகையைப் பதிவேட்டில் எழுதி வருகிறார்கள். அது கணவன் மனைவிக்குத் தரவேண்டிய கடன் என்றே நீதிமன்றங்கள் கொள்கின்றன.

மைசூர் காட்டிய வழி

பொருள் விஷயத்தில் நம் மைசூர் சமஸ்தானம் ஒரு படி முன்னே போனது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், மிர்சா இஸ்மாயில் திவானாக இருந்தபோது, 1933இல் மைசூர் இந்து சட்டப் பெண்கள் உரிமைச் சட்டம் வந்தது. ஸ்திரீதனம் என்றால் எது என்று வரையறுத்து, அதில் பெண்ணுக்குள்ள உரிமையைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றியது. குடும்பப் பாகத்தில் பெண்களுக்கும் பங்கு சொன்னது. பிரிட்டிஷ் இந்தியாவில் விதவைகளுக்குச் சொத்துரிமை தரும் சட்டம் 1937இல்தான் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் சென்னை ராஜதானி இன்னும் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பக்கம் காரியம் முடிந்துவிட்டது. பிழைக்க வந்த ஊர் நமக்குச் சோறு போட்டதை எல்லாரும் சொல்கிறோம். பெண்ணுரிமையில் நமக்கு முன்மாதிரியாக இருந்ததையும் சொல்லவேண்டும்.

எழுத அனுமதித்த நிலங்கள்

மைசூருக்கு வெளியே, கல்யாணத்திற்கு முன் எழுதுவதைச் சட்டமே வரவேற்ற இடங்கள் மூன்று நமக்குப் பக்கத்திலேயே உண்டு.

ஒன்று கோவா. 1867ஆம் ஆண்டுப் போர்ச்சுகீசியச் சிவில் சட்டம் அங்கே வேரூன்றியது. 1961இல் இந்தியாவோடு சேர்ந்த பிறகும் அந்தக் குடும்பச் சட்டம் தொடர்ந்தது. எதுவும் எழுதாமல் கல்யாணம் செய்தால் கணவன் மனைவி சொத்து பொதுச் சொத்தாகி இருவருக்கும் சரிபாதி. வேண்டாமென்றால் கல்யாணத்திற்கு முன்பே முறையான பத்திரமாக எழுதி வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம். தாலி கட்டியபின் மாற்ற முடியாது. மதம் எதுவானாலும் இந்த வசதி உண்டு.

இரண்டாவது புதுச்சேரி. 1881ஆம் ஆண்டுப் பிரெஞ்சு ஆணைப்படி தங்கள் சொந்த சாதி, மதச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்ற தமிழ்க் குடும்பங்கள் அங்கே உண்டு. நோட்டேர் முன்னிலையில் திருமண ஒப்பந்தம் எழுதுவது அந்தச் சட்டத்தின் ஒரு பகுதி.

மூன்றாவது யாழ்ப்பாணம். டச்சுக்காரர்கள் 1707இல் தொகுத்த தேசவழமைச் சட்டம் குடும்பச் சொத்தை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. பரம்பரையாக வந்தது, பெண்ணுக்குக் கொடுத்தது, இருவரும் சேர்ந்து சம்பாதித்தது என்று பொருள். அங்கே பெற்றோர் மகளின் பெயருக்கே சீதன உறுதி எழுதிக் கொடுப்பது வழக்கம். இதிலும் குறை உண்டு. மனைவி தன் நிலத்தை விற்கக் கணவன் சம்மதம் வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டிப்போட்டது. ஆனால் சீதனம் மாப்பிள்ளை வீட்டுப் பெட்டியில் விழாமல் பெண்ணின் பெயரில் நின்றதே, அதைப் பார்க்கவேண்டும். அதே சொல்லை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் நாம் செய்தது வேறு. பெண்ணின் தனமாக இருந்த சீதனம் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் விலையாகப் புரண்டுவிட்டது.

இன்றைய நிலை

சுதந்திரத்திற்குப் பின் வந்த 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமும் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமும் இந்துக்களோடு சமணர், பௌத்தர், சீக்கியர் அனைவருக்கும் பொருந்தும். கல்யாணத்திற்கு முன் எழுதும் ஒப்பந்தம் செல்லும் என்று சொல்லும் பிரிவு திருமணச் சட்டத்தில் இல்லை. வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பெண்ணின் கையில் உள்ள சொத்து அவளுக்கு முழு உரிமையானது என்கிறது. விஞ்ஞானேசுவரர் விரித்ததை மறுபடி விரித்த சட்டம் என்றே இதைச் சொல்லலாம்.

1961இல் வரதட்சணைத் தடைச் சட்டம். அதன் 5ஆம் பிரிவு, வரதட்சணை கொடுக்கவோ வாங்கவோ செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. நிச்சயதாம்பூலத்தன்று "இத்தனை சவரன், இத்தனை ரொக்கம்" என்று பேசி எழுதும் காகிதம் அதனால் வெறும் காகிதம். அதைவிட மோசம், அது குற்றத்திற்குச் சாட்சி. 6ஆம் பிரிவு, பெண்ணுக்கென்று கொடுத்ததை வேறு யார் வாங்கியிருந்தாலும் மூன்று மாதத்திற்குள் அவளிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது.

1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்சநீதிமன்றம் இன்னும் தெளிவாக்கியது. ஸ்திரீதனம் மனைவியின் முழுச் சொத்து. கணவன் வீட்டார் அதை வைத்திருந்தால் நம்பிக்கையின் பேரில் வைத்திருப்பவர்கள். திருப்பித் தர மறுத்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். அன்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 406ஆம் பிரிவு; 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு.

ஜீவனாம்சம் பற்றி நம் கர்நாடகத்திலிருந்தே ஒரு வழக்கு உச்சநீதிமன்றம் போய் 2013இல் தீர்ந்தது. 8,000 ரூபாய் மொத்தமாகப் பெற்றுக்கொண்டு, இனிமேல் ஜீவனாம்சம் கேட்கமாட்டேன் என்று மனைவி சமரசம் எழுதிக் கொடுத்திருந்தார். பிறகு மாதாமாதம் ஜீவனாம்சம் கேட்டார். கணவன் பழைய எழுத்தைக் காட்டினார். ஜீவனாம்ச உரிமையை இப்படி எழுதி வாங்குவது பொதுநலக் கொள்கைக்கு விரோதம், அது அவரைத் தடுக்காது என்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. கோர்ட்டில் எழுதிய சமரசத்திற்கே இந்தக் கதி என்றால், கல்யாணத்திற்கு முன் ஸ்டாம்பு பேப்பரில் எழுதி வாங்கும் 'ஜீவனாம்சம் வேண்டாம்' பத்திரத்தின் கதியைச் சொல்லவேண்டாம். குழந்தை யாரிடம் வளரும் என்பதும் அப்படித்தான். குழந்தையின் நலனே முதல் என்று 1956ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் சொல்கிறது. பிறக்காத குழந்தைக்குப் பெரியவர்கள் முன்கூட்டி எழுதுவது நீதிபதியைக் கட்டாது.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 2010இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ராட்மாக்கர் வழக்கில், இருவரும் விளைவை உணர்ந்து மனமொப்பி எழுதியிருந்தால், அநியாயமாக இல்லாதவரை அந்த உடன்படிக்கைக்கு மதிப்புத் தரவேண்டும் என்றது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் இதற்கென்றே சட்டம் உண்டு. ஆகவே அங்கே செல்லும் பத்திரம் இங்கே அப்படியே செல்லும் என்றோ, இங்கே செல்லாதது அங்கேயும் செல்லாது என்றோ எண்ணிவிட வேண்டாம்.

நாம் எழுத வேண்டியது

அப்படியானால் ஒன்றுமே எழுதக்கூடாதா? எழுதவேண்டும். சட்டமே எழுதச் சொல்லும் ஒரு காகிதம் இருக்கிறது. அதைத்தான் நம்மில் யாரும் எழுதுவதில்லை. 1985 அக்டோபர் 2 முதல் அமலில் உள்ள மத்திய அரசு விதிகளின்படி, கல்யாணத்தில் பெண்ணுக்கு வந்த பரிசுகளுக்கு ஒரு பட்டியலும் மாப்பிள்ளைக்கு வந்தவற்றுக்கு ஒரு பட்டியலும் இருக்கவேண்டும். பொருள் என்ன, உத்தேச மதிப்பு என்ன, கொடுத்தவர் யார், என்ன உறவு என்று எழுதி, பெண், மாப்பிள்ளை இருவரும் கையெழுத்திட வேண்டும். பெண்ணின் பட்டியல் பெண்ணிடமே இருக்கவேண்டும். யாரும் கேட்காமல், வழக்கப்படி, சக்திக்குத் தகுந்து கொடுத்தது வரதட்சணை ஆகாது என்று காட்டுவதற்கும் இந்தப் பட்டியல்தான் துணை.

எங்கள் தொழிலில் இதன் அருமையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சீர்வரிசைக்குப் பாத்திரம் வாங்குபவர்கள் குடம், அண்டா, தாம்பாளம் எல்லாவற்றிலும் பெண்ணின் பெயரையோ கொடுப்பவர் பெயரையோ வெட்டித் தரச் சொல்வார்கள். அழகுக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது நம் பாட்டிமார் எழுதிவைத்த ஸ்திரீதனப் பட்டியல். பெயர் வெட்டின பாத்திரத்தைப் பார்த்து இது எங்கள் வீட்டுப் பொருள் என்று மாமியார் வீட்டார் சொல்ல முடியாது.

சில வருடங்களுக்கு முன் நமக்குத் தெரிந்த ஒரு பெரியவர் கடைக்கு வந்து, நான்கு வருடத்துக்கு முந்தைய கல்யாண பில்லின் நகல் கேட்டார். மகள் திரும்பி வந்துவிட்டாள். "ஒன்றுமே போடவில்லை" என்று எதிர்த்தரப்பு எழுதிக் கொடுத்துவிட்டதாம். பில் புத்தகத்தில் கார்பன் நகல் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். பாத்திரத்திற்குச் சாட்சி கிடைத்தது. மனிதர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "நகைக்கு எங்கே போவேன் ஐயா? பழைய நகை போட்டுப் புதுசு வாங்கினேன், ரசீதே வாங்கலையே" என்றார். முப்பது சவரனுக்கு ஆதாரமில்லை, அண்டாவுக்கு ஆதாரம் இருக்கிறது. நான் என்ன பதில் சொல்வது?

ஆகவே அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். நகைக்கு ரசீதைப் பெண்ணின் பெயரில் வாங்குங்கள். எடையையும் எழுதுங்கள், நகைகளைப் படம் எடுத்து வையுங்கள். நிலமோ மனையோ கொடுப்பதானால் வாய்ச்சொல்லோடு விடாமல் அவள் பெயருக்குப் பதிவு செய்யுங்கள். பதிவில்லாத நிலதானம் சட்டத்தில் நிற்காது. மாப்பிள்ளைக்கு வியாபாரத்திற்குப் பணம் கடனாகக் கொடுத்தால் கடன் என்றே எழுதுங்கள். முகூர்த்தம் முடிந்து மொய் நோட்டு எழுதி முடிக்கும்போதே, அதே கையோடு பட்டியலையும் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மொய் எழுத ஒரு ஆளை உட்கார வைக்கிற நமக்கு இது பெரிய வேலையா?

பிரிவை நினைத்து எழுதுவது அபசகுனம் என்று சொல்லும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடையில் பங்காளி சேரும்போது முதலை எழுதிக்கொள்கிறோம். பங்காளி மோசக்காரன் என்றா எழுதுகிறோம்? கணக்கு சுத்தமாக இருந்தால் உறவு நீடிக்கும் என்றுதான் எழுதுகிறோம். ஐநூறு, அறுநூறு வருடத்திற்கு முன் படைவீட்டில் கன்னடியரும் தமிழரும் தெலுங்கரும் சேர்ந்து கல்லிலேயே எழுதிக்கொண்டார்கள். நாம் ஒரு தாளில் எழுதக் கூச்சப்படுவானேன்? மகளுக்குக் கொடுப்பது மகளுடையதாகவே இருக்கட்டும்.